தறிக்குழியில் தண்ணீர் ஊறாமல் இருக்கணுமே! மழைக்கும் பனிக்கும் தயாராகும் காஞ்சிபுரம் நெசவாளர் வீடுகள்

குளிர்காலம் நெருங்கினால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? பரணில் கிடக்கும் கம்பளியை இறக்கி வெயிலில் போடுவோம். சளிக்கும் இருமலுக்கும் கஷாயப் பொடி இடித்து வைப்போம். ஆனால், காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பங்களில் முதல் கவலையே வேறு. 'தறிக்குழியில் தண்ணீர் ஊறாமல் இருக்கணுமே!'

பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். கூடத்தில் தறி இருக்கும். அதை ஒட்டிய இடத்தில்தான் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, தூக்கம் எல்லாமே. அதனால், இங்கே வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது என்றால், தறியைத் தயார் செய்வது என்றே அர்த்தம்.

கோடையில் நண்பன், ஐப்பசியில் எதிரி

குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை இறக்கி மிதியை இயக்குவார். மண்ணின் குளிர்ச்சி கோடையில் பாவு இழைகள் காய்ந்து அறுந்துபோகாமல் காக்கும். அதே குழிதான் மழைக்காலத்தில் தொல்லை தருகிறது. கூரை ஒழுகினால் ஓடு மாற்றலாம். அடியிலிருந்து ஊறும் தண்ணீரை என்ன செய்வது?

காஞ்சிபுரத்துக் குளிர் பல் கிட்டிப்போகும் குளிர் அல்ல. ஜனவரி அதிகாலையில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இங்கே பிரச்னை ஈரம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான் தமிழகத்துக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி கிடைக்கிறது. அது ஓய்ந்ததும் மார்கழிப் பனி. 2015 நவம்பர், டிசம்பர் பெருமழையையும், 2021 நவம்பரில் பாலாற்றில் பெருக்கெடுத்த வெள்ளத்தையும் காஞ்சிபுரம் மாவட்டம் மறக்கவில்லை.

பட்டு நூல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 11 சதவீத ஈரம் இருப்பது இயல்பு என்றே பட்டு வணிகத்தில் கணக்கு. அதற்கு மேல் ஈரம் ஏறினால் இழையின் வலு குறையும். மரச் சட்டங்கள் உப்பும். டிசைனுக்கான ஜக்கார்டு அட்டைகள் நமுத்துப்போகும். ஜரிகையும் கறுக்கக்கூடும்.

தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் நெசவு

தை பிறந்தால் கல்யாணங்கள் களைகட்டும். அந்த முகூர்த்தப் பட்டு கடைக்குப் போக வேண்டுமானால், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தறி ஓடியாக வேண்டும். ஒரு புடவைக்குப் பத்து நாள் பிடிக்கலாம். வேலைப்பாடு கூடினால் இருபது நாளும் தாண்டும். கூலியோ நாள் கணக்கில் அல்ல, நெய்து கொடுக்கும் புடவைக்கு. குழியில் தண்ணீர் நின்றால் அத்தனை நாளும் வருமானம் இல்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். தறி நின்றால் இரண்டு பேருக்குமே வேலை இல்லை.

தறி நனையாவிட்டாலும் வேலை தடைப்படும். பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காய வைத்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். தூறல் விழுந்தால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். மழைக்கால நிவாரணம் வேண்டும் என்று நெசவாளர்கள் கேட்பது இதனால்தான்.

ஓடு முதல் குழி வரை

புரட்டாசி முடிவதற்குள் செய்து வைத்தால் நல்லது என்று சில வேலைகள் உண்டு.

* தறிக்கு நேர் மேலே உள்ள ஓடுகளை முதலில் பார்க்க வேண்டும். உடைந்ததை மாற்றி, ஜக்கார்டு பெட்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டலாம்.
* குழியின் விளிம்பைச் செங்கல், சிமென்ட் வைத்து உயர்த்தினால் வாசல் வழியே வரும் தண்ணீர் உள்ளே இறங்காது.
* தெருக் கால்வாயில் அடைப்பை எடுக்காமல் வீட்டுக்குள் எது செய்தாலும் வீண். இது தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.
* பாவு நூல், ஜரிகை, நெய்து முடித்த புடவை எதையும் தரையில் வைக்கக் கூடாது. சுவரை ஒட்டாத மேடையோ அலமாரியோ நல்லது.
* இரவில் தறியில் இருக்கும் துணியைப் பருத்தித் துணியால் மூடினால் பனி ஈரம் குறையும்.

வசதி உள்ளவர்கள் தரைக்கு மேலே நிற்கும் சட்டத்தறிக்கு மாறலாம். ஆனால், அதற்குப் பணம் மட்டும் போதாது, வீட்டில் உயரமும் இடமும் வேண்டும்.

இதில் மட்டும் கவனம்!

ஈரத்தைப் போக்க, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு வைப்பது ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குழிக்குள் விளக்கு இறக்குபவர்கள் ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருப்பது அவசியம். குழியில் தண்ணீர் நின்றால், மெயின் சுவிட்சை அணைக்காமல் காலை வைக்கவே கூடாது.

நாள் முழுக்க ஈரக் குழியில் கால் வைத்து நெய்பவர்களுக்குச் சேற்றுப்புண் வரலாம். வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை நன்றாகத் துடைக்க வேண்டும்.

உங்கள் பீரோவுக்கும் இதே விதி

தறியில் இருக்கும் பட்டைக் கெடுக்கும் ஈரம், பீரோவில் இருக்கும் பட்டையும் விடாது. மழைக்காலத்தில் புடவையை பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மழை விட்ட நாளில் நிழலில் காற்றாடப் போட்டு, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். பூச்சி உருண்டை ஜரிகையில் படக் கூடாது.

தை மாதக் கல்யாணத்துக்காகப் பட்டு எடுக்கக் கடைக்குப் போகும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விரித்துப் பார்க்கும் புடவை, காஞ்சிபுரத்தில் ஏதோ ஒரு வீட்டில் குழித் தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு நெய்ததாக இருக்கலாம்.