உங்களுக்குத் தெரியுமா? கணினி விளையாட்டில் திட்டமிடப்பட்ட திடல்

கட்டைகளை அடுக்கி ஊரையே எழுப்பும் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் நிறுவனமான சுவீடனின் மொஜாங்கும், ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பும் 2012இல் ‘பிளாக் பை பிளாக்’ திட்டத்தைத் தொடங்கி, நைரோபியின் கிபேரா குடியிருப்பிலுள்ள சிலாங்கா விளையாட்டுத் திடலின் மறுவடிவமைப்பை அவ்விளையாட்டின் துணையோடு திட்டமிட்டன.

இதுபோல் நம் ஊர்களையும் விளையாட்டின் துணையோடு திட்டமிட்டுப் பார்க்கலாம். 2015இல் வெளிவந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்னும் நகர் அமைக்கும் விளையாட்டு, உயர வரைபடத்தை, அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைச் சாம்பல் நிறச் செறிவால் காட்டும் படத்தை ஏற்பதால், சேர்வராயன் மலைத்தொடரை அடுத்து, ஜோலார்பேட்டை–சேலம் இருப்புப்பாதையில் அமைந்துள்ள தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடியின் நிலப்பரப்பையும் அதில் உருவாக்கலாம்.

ரயில் நிலையத்தை மையமாக்கி, கடைத்தெருவை அதனருகிலும், விளையாட்டரங்கைச் சமநிலத்தில் குடியிருப்புகளிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலும் அமைத்தால் ஊர் இயல்பாக உருப்பெறும். மாணவர்கள் தம் ஊரை இவ்வாறு அமைத்துப் பார்ப்பது ஊரமைப்புக் கல்விக்குச் சிறந்த தொடக்கமாகும்.