கள்ளா, பதனீரா? கலயம் சொல்லும்!

கழுவுகிற வேலையில்தான் கருப்பட்டியின் ருசி இருக்கிறது

பனை மரம் தருவது ஒரே சாறுதான். சுத்தமான கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அது பதனீர். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் விழுந்தால் சில மணி நேரத்தில் அது கள்!

தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடுகளில் பனையேறும் குடும்பங்களுக்கு இது வெறும் ருசி விஷயம் அல்ல. பிழைப்பே இதில்தான் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. பதனீர் புளித்துப் போனால் கருப்பட்டியும் கிடைக்காது. மேலே சட்டத்தின் தொல்லையும் வரும்.

இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டு முதல், வீட்டுச் செலவுக்குப் பீர் காய்ச்ச லைசென்சு தேவை இல்லை. அமெரிக்காவில் 1978-இல் இதற்குச் சட்டம் வந்தது. அங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் பெரிய வேலை பாத்திரம் கழுவுவதுதான். அவர்கள் வேண்டிய கிருமியை மட்டும் உள்ளே விட்டு, வேண்டாததைக் கழுவித் தள்ளுகிறார்கள். நம் பனையேறிகளோ எந்தக் கிருமியும் வேண்டாம் என்று கழுவுகிறார்கள்!

புளிக்க வைப்பது யார்?

பாளையிலிருந்து சொட்டும்போது சாறு நல்ல இனிப்பாக இருக்கும். காற்றிலும், பூச்சியின் காலிலும், பழைய கலயத்தின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. 'ஈஸ்ட்' என்பது அவற்றில் ஒன்று. அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. வேறு சில உயிர்கள் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்புக்குக் காரணம் உயிருள்ள கிருமிகளே என்று பிரான்சு தேசத்து விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து காட்டினார்.

கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் இந்தக் கிருமிகள் தலை தூக்க முடியாது. ஆனால் அளவு முக்கியம். சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும். கூடினால் ருசி கெடும். கருப்பட்டி கறுத்துப் போகும்.

கடற்கரை ஊர்களில் சிப்பி, கிளிஞ்சல்களைச் சுட்டும் சுண்ணாம்பு எடுப்பது உண்டு. கடல் தந்த சிப்பி, பனை தந்த சாற்றைக் காப்பாற்றுகிறது!

எந்தப் பாத்திரம் நல்லது?

மண் கலயம்: விலை குறைவு. சாற்றைக் குளிர்ச்சியாக வைக்கும். சுண்ணாம்பு சுவரில் நன்றாக ஒட்டும். ஆனால் கழுவுவதில் இதுதான் மிகவும் கஷ்டம். மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டு. பழைய சாறு அதில் ஒளிந்துகொள்ளும். நாரால் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, புதிதாகச் சுண்ணாம்பு தடவ வேண்டும். சோப்புப் போடக் கூடாது. மண் அந்த வாசனையைக் குடித்துவிடும்.

அலுமினியம்: இலேசானது, உடையாது. ஆனால் அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். ஆகவே சுண்ணாம்புப் பதனீருக்கு இது ஆகாது.

பிளாஸ்டிக்: உடையாது, அலசுவது சுலபம். ஆனால் கீறல் விழுந்தால் அந்தக் கீறலில் கிருமி குடியேறும். வெயிலில் நாளடைவில் வெடிக்கும். கீறல் விழுந்ததை மாற்றிவிட வேண்டும்.

எவர்சில்வர்: கழுவுவதற்கு இதுவே முதல் தரம். வழவழப்பான சுவரில் எதுவும் ஒளிய இடம் இல்லை. கொதிநீர் ஊற்றினால் போதும். விலை அதிகம் என்பதுதான் குறை. மரத்தில் கட்ட இது கட்டுப்படியாகாது. கீழே பதனீரைச் சேர்த்து வைக்க மிகவும் ஏற்றது.

ஐஸ் பெட்டி: கேரளத்தில் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தென்னஞ்சாற்றுக்கு ஒரு பெட்டி செய்திருக்கிறது. சுற்றிலும் ஐஸ், நடுவே சாறு. குளிரில் கிருமி வேலை செய்யாது. சுண்ணாம்பே வேண்டாம், சுண்ணாம்புப் படிவைச் சுரண்டும் வேலையும் இல்லை. தூத்துக்குடித் துறைமுகப் பக்கம் மீனுக்காக ஐஸ் கிடைக்கிறது. ஆனால் ஒரு பனையில் பல கலயம் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஐஸ் சுமந்து உயரமான மரத்தில் ஏறுவது யார்?

அடுப்படியில் என்ன நடக்கிறது?

பதனீரை விடிலியில் காய்ச்சுவார்கள். விடிலி என்பது ஓலை வேய்ந்த காய்ச்சும் குடிசை. இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவது உண்டு. பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி.

பதனீர் கொஞ்சம் புளித்திருந்தாலும் அதன் சர்க்கரை பிரிந்துபோகும். பாகு இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். அன்றைய உழைப்பும் விறகும் வீண்! ஒரு கலயத்தைச் சரியாகக் கழுவாததற்கு மொத்தக் குடும்பமும் கொடுக்கும் விலை இது.

வீட்டுக்குச் சில யோசனைகள்

* பாகு ஒட்டிய சட்டியைச் சுரண்டாதீர்கள். சூட்டோடு வெந்நீர் ஊற்றி வையுங்கள். சர்க்கரை தானாகக் கரையும்.

* எவர்சில்வர் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால் புளித் தண்ணீரால் தேயுங்கள்.

* பதனீர் வாங்கப் போகும் பாத்திரத்தைக் கொதிநீரால் அலசிக்கொண்டு போங்கள். வாங்கிய அன்றே குடித்துவிடுங்கள். நுரை கட்டிப் புளித்த வாசனை வந்தால் பதனீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

* சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மொத்தத்தில், மரத்துக்கு மண் கலயம், தரைக்கு எவர்சில்வர் என்பதே இன்றைக்குக் கைக்கு ஏற்ற வழி. மண் கலயம் உழைப்பைக் கேட்கும். ஆகவே அடுத்த முறை கருப்பட்டி வாங்கும்போது பேரம் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த விலையில் மரம் ஏறிய கூலியோடு கலயம் கழுவிய கூலியும் சேர்ந்திருக்கிறது!