மடிக்கணினி ஏன் இரைகிறது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் எளிய வீடுகளிலும் கணினி புகுந்தது. ஆனால் அதைப் பேணும் முறையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசையோடு வளர்ந்தவள் நான். ஆயினும் அண்ணன் தந்த பழைய மடிக்கணினியின் இரைச்சல் என்னைக் கலங்க வைத்தது. செயல்திட்ட அறிக்கையை ஒப்படைப்பதற்கு முந்தைய இரவு அது கொதித்து, தானே அணைந்தது. சேமிக்காத பத்துப் பக்கங்கள் பாழாயின.

காரணம் என்ன? கணினியின் மூளையான செயலி இயங்கும்போது வெப்பம் பிறக்கிறது. செம்புக் குழாய் அதை மெல்லிய தகடுகளுக்குக் கடத்துகிறது. அத்தகடுகளினூடே விசிறி காற்றைச் செலுத்துகிறது. வெப்பம் ஏற ஏற விசிறி விரைந்து சுழலும், அதுவே இரைச்சல். பல செயலிகளுக்கு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸே எல்லை. அதை நெருங்கினால் செயலி வேகம் குறையும். அப்போதும் தணியாவிடில் கணினி அணைந்துவிடும். ஆகவே இரைச்சல் நோயன்று, நோயின் அறிகுறி.

“தறியிலே பஞ்சு அடைஞ்சாலும் சத்தம் மாறும்மா” என்றார் அப்பா. அது மெய்யாயிற்று. பழுது பார்ப்பவர் அடிமூடியைத் திறந்தபோது தகடுகளின்மேல் பஞ்சுத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. மெத்தைமீது வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்தது என் பிழை.

நண்பர்களே! கணினியைப் பலகைமீது வையுங்கள். தேவையற்ற நிரல்களை மூடுங்கள். ஆண்டுக்கொருமுறை தூசி அகற்றச் செய்யுங்கள். ஊதும்போது விசிறி சுழலாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். வெப்பப்பசை காய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது என் கணினி அமைதியாக இயங்குகிறது. நானும் பக்கத்துக்கொருமுறை சேமிக்கப் பழகிவிட்டேன்.