பேரெண்களைப் பெருக்கும் வழி

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்துத் தரும்படி அரசனிடம் கேட்ட அறிஞன் கதையை ஆசிரியர் பலரும் வகுப்பில் சொல்லியிருப்பர். அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் வேண்டிய மணிகள் 18,446,744,073,709,551,615 ஆகும். இக்காலக் கணினி தன் 64 இடங்கள் கொண்ட ஒரு சொல்லில் அடக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணும் இதுவே. இதனோடு ஒன்றைக் கூட்டினால் அச்சொல்லில் எஞ்சுவது சுழியமே.

ஆனால், செய்திகளைப் பிறர் அறியாவண்ணம் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையில் 617 இலக்கம் கொண்ட எண்களும் வழங்குகின்றன. அவற்றுள் ஓர் இலக்கம் பிழைத்தாலும் பூட்டுத் திறவாது. இத்தகைய பேரெண்களைப் பிழையின்றியும் விரைவாகவும் கையாள எழுந்ததே ஜி.எம்.பி. என்னும் நிரல் நூலகம். டோர்பியோன் கிரான்லுண்ட் என்பார் தொடங்கிய இந்நூலகம் 1991இல் முதன்முதல் வெளியாயிற்று. இது பேரெண்ணைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் 'உறுப்பு' என வைத்துக்கொள்கிறது. நாம் எண்ணை இலக்கம் இலக்கமாக எழுதுவது போன்றதே இது.

கூட்டல் எளிது, இடர் பெருக்கலில்தான். பள்ளியில் பயிலும் முறைப்படி, 1,024 உறுப்புகள் கொண்ட இரண்டு எண்களைப் பெருக்க 1,048,576 சிறு பெருக்கல்கள் வேண்டும். நீளம் இருமடங்கானால் உழைப்பு நான்மடங்காகும். இதனிலும் சுருங்கிய வழி இராது என்றே சோவியத்து நாட்டுக் கணிதப் பேரறிஞர் கொல்மோகோரவ் கருதினார். 1960இல் மாஸ்கோவில் நடந்த கருத்தரங்கில் அவர் இதனைக் கூறினார். கேட்டிருந்த மாணவர் கரட்சூபாவுக்கு அப்போது அகவை 23. ஒரு வாரத்துள் அவர் புதுவழி கண்டார்.

அது யாது? 23ஐ 41ஆல் பெருக்குவோம். பழைய முறையில் நான்கு பெருக்கல்கள் வேண்டும். கரட்சூபா முறையில் மூன்றே போதும். முன்னிலக்கங்களின் பெருக்கம் 2×4=8. பின்னிலக்கங்களின் பெருக்கம் 3×1=3. இனி, ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டிப் பெருக்க, 5×5=25. இதிலிருந்து 8ஐயும் 3ஐயும் கழிக்க, நடு இடத்துக்குரிய 14 கிடைக்கும். 800+140+3=943. விடை சரியே.

ஒரு பெருக்கல் குறைவதால் யாது பயன் எனலாம். பேரெண்ணை இரண்டிரண்டாகப் பகுத்துச் செல்ல, ஒவ்வொரு படியிலும் இக்குறைவு நேர்கிறது. ஆதலின் மேற்கூறிய 1,048,576 பெருக்கல்கள் ஏறத்தாழ 59,049 ஆகச் சுருங்குகின்றன.

எனினும் பள்ளி முறை பயனற்றுப் போய்விடவில்லை. புதுமுறையில் கூட்டலும் கழித்தலும் மிகுவதால், சிறிய எண்களுக்குப் பழைய முறையே விரைவானது. ஜி.எம்.பி. அளவறிந்து முறையைத் தேர்கிறது: சிறியனவற்றுக்குப் பள்ளி முறை, சற்றுப் பெரியனவற்றுக்குக் கரட்சூபா முறை, அதற்குமேல் தூம் முறை, மிகப் பெரியனவற்றுக்கு 1971இல் ஷோன்ஹாகவும் ஸ்ட்ராசனும் வகுத்த முறை. எங்கே மாறவேண்டும் என்பது கணினிக்குக் கணினி வேறுபடும்.

தம் கருத்து பொய்த்ததைக் கொல்மோகோரவ் மறைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், மாணவர் கண்ட வழியைத் தாமே அவையோர்க்கு எடுத்து விளக்கினார்.