வாடகைக் குடியிருப்புகளுக்கு மூலதனம்

நகரங்களில் வாழ்வோர் அனைவரும் சொந்த வீட்டில் குடியிருத்தல் இயலாது. வேலை தேடி வருவோர், மாற்றலுக்கு உட்பட்ட அரசு ஊழியர்கள், மாணவர்கள் ஆகியோர் வாடகை வீடுகளையே நம்பியுள்ளனர். ஆயினும், 1961-ஆம் ஆண்டில் 54 சதவிகிதமாக இருந்த நகர்ப்புற வாடகைக் குடித்தனங்களின் பங்கு, 2011-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 28 சதவிகிதமாகக் குறைந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் குடியிருப்போரின்றிக் காலியாக இருந்தன. இம்முரண்பாட்டிற்கான காரணங்களுள் முக்கியமான ஒன்று, வாடகை வீட்டிற்கான மூலதனம் திரட்டப்படும் முறையாகும்.

பின்னணி

ஒரு காலத்தில் பம்பாய் போன்ற நகரங்களில் செல்வர்கள் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு வாடகைக் குடியிருப்புகளைக் கட்டினர். 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940-ஆம் ஆண்டு நிலவிய வாடகையை அடிப்படையாகக் கொண்டது. வாடகைதாரருக்கு அது பாதுகாப்பளித்தது. ஆனால் விலைவாசி உயர்ந்தபோது வாடகை உயராமையால், தனியார் மூலதனம் இத்துறையை விட்டு விலகலாயிற்று. பின்னர் 1970-இல் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுக் கழகமும், 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கியும் தோன்றின. வீட்டுக் கடன் பெருகியது. எனினும் அது பெரும்பாலும் சொந்தமாகக் குடியிருக்க வீடு வாங்குவோரை நோக்கியே அமைந்தது.

வங்கிக் கடனும் வாடகையும்

இரண்டாவது வீடொன்றை வாங்கி வாடகைக்கு விட விரும்புபவருக்கும் வங்கிக் கடன் கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் வரம்புப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான கடன், வீட்டின் மதிப்பில் 90 சதிவிகிதம் வரை இருக்கலாம். 75 லட்சம் வரை 80 சதவிகிதம். அதற்கு மேல் 75 சதவிகிதம். எஞ்சியதை வாங்குபவரே திரட்ட வேண்டும். ஒருவரின் மூன்றாவது வீடு முதல் அவ்வீட்டிற்கான கடன் வணிகக் கட்டடக் கடனாகக் கருதப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 50 லட்சம் ரூபாய் விலையுள்ள வீட்டிற்கு 10 லட்சம் கைப்பணம், 40 லட்சம் கடன் என்று கொள்வோம். 9 சதவிகித வட்டியில் 20 ஆண்டுகளில் அடைப்பதாயின், மாதத் தவணை சுமார் 36,000 ரூபாய். வீட்டு விலையில் ஆண்டுக்கு 3 சதவிகிதம் வாடகையாகக் கிடைப்பின், மாத வரவு 12,500 ரூபாய்தான். சொத்துவரி, பழுதுபார்ப்பு, வீடு காலியாக இருக்கும் மாதங்கள் ஆகியவற்றைச் சேர்க்காமலே, மாதந்தோறும் 23,500 ரூபாய் சம்பளத்திலிருந்து வர வேண்டும். இந்த வாடகை தாங்கக்கூடிய கடன் ஏறத்தாழ 14 லட்சமே.

ஆகவே, இவ்வாறு வாங்குபவர் எதிர்பார்ப்பது வாடகையை அன்று, விலையேற்றத்தையே. விலையேற்றத்தை மட்டும் கருதுபவருக்கு வீடு பூட்டிக் கிடப்பதும் பெரும் இழப்பாகத் தோன்றுவதில்லை.

வரிச் சலுகை இப்பற்றாக்குறையை ஓரளவே ஈடுசெய்கிறது. நிகர வாடகை மதிப்பில் 30 சதவிகிதமும், கடன் வட்டியும் கழிக்கப்படுகின்றன. ஆனால் 2017-18 நிதியாண்டு முதல், இதனால் ஏற்படும் நட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயை மட்டுமே பிற வருமானத்தில் ஈடுசெய்யலாம். புதிய வரி முறையைத் தேர்ந்தோருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

வாடகைதாரரின் பணம்

பெங்களூரு போன்ற நகரங்களில் வேறொரு வழியும் உண்டு. குடிவருபவர் பெருந்தொகை ஒன்றைப் போக்கியமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி வசிக்கிறார். காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுகிறார். உரிமையாளருக்கு இது வட்டியில்லா மூலதனம். ஆனால், முன்னரே வங்கியில் அடமானம் வைக்கப்பட்ட வீடாயின், தவணை தவறும்போது வங்கியின் உரிமையே முந்தி நிற்கும். குடியிருப்பவரின் வாழ்நாள் சேமிப்பு இடருக்குள்ளாகும். பதிவு செய்யப்படாத ஒப்பந்தங்களில் இவ்விடர் மேலும் மிகுதி.

செய்ய வேண்டியவை

மத்திய அமைச்சரவை 2021-இல் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்தை இரு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தத்தையும் வலியுறுத்துகிறது. மாநிலங்கள் சட்டமியற்றினாலன்றி இது பயன் தராது. 2020-இல் தொடங்கப்பட்ட குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டம், காலியாக இருந்த அரசு வீடுகளை 25 ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட வழிசெய்தது. நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு இரண்டாம் கட்டத்திலும் வாடகை வீடுகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

சட்டம் உரிமையாளரின் அச்சத்தைப் போக்கலாம். தவணைக்கும் வாடகைக்கும் இடையேயுள்ள பள்ளத்தை அது நிரப்பாது. நீண்ட காலத் தவணையும், குறைந்த வட்டியும், வாடகை வரவையே அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடும் கூடிய கடன்முறை உருவாதல் வேண்டும். வாடகையைக் கொண்டே அடைக்கத்தக்க கடன் கிடைக்கும்போதுதான், பூட்டிய வீடுகள் திறக்கப்படும். புதிய வாடகை வீடுகளும் எழும்.