பொங்கல் பானையில் மலைச் சாமை

போளூருக்கு மேற்கே எழுந்து நிற்கிறது ஜவ்வாது மலை. அதன் நடுவே ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடலாகாது. இவர்கள் பேசுவது தமிழே. பருவமழையை நம்பி மலைச்சரிவுகளில் இவர்கள் விளைவிக்கும் முதன்மையான தானியம் சாமை. தை பிறக்கும் முன்பே அது களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்துவிடும்.

மலைத் தானியம் இறைவனுக்கு உகந்தது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தினைப்புனம் காத்த வள்ளியிடம் முதியவராக வந்த முருகப்பெருமான், தேனும் தினைமாவும் பெற்று உண்ட வரலாற்றை அறியாத அடியார் உண்டோ? அவ்வரலாற்றோடு போற்றப்படும் வள்ளிமலையும் அண்டையிலுள்ள வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆயினும், சாமை விளையும் மலையிலேயே அதைச் சமைக்கும் அடுப்புகள் குறைந்தன. சாமை மணி மிகச் சிறியது. அதன் உமியோ கடினமானது. உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி அரிசியாக்குவதற்குள் பெண்களின் தோள் ஓய்ந்துவிடும். நியாயவிலைக் கடை அரிசி எளிதில் கிடைத்தபோது உலக்கை மூலைக்குச் சென்றதில் வியப்பில்லை. இப்போது உமி நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இனி வேண்டியது, வாங்கிச் சமைப்போர்தாம். பண்டிகை நாளே அதற்கு நல்ல தொடக்கம்.

சாமைச் சர்க்கரைப் பொங்கல் செய்வது எளிது. ஒரு கிண்ணம் சாமை அரிசியைக் கல் போக அரித்துக் கழுவ வேண்டும். கால் கிண்ணம் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, சாமையுடன் சேர்த்து, நான்கு கிண்ணம் நீரில் குழைய வேகவிட வேண்டும். நன்கு வெந்த பின்னரே, ஒன்றரைக் கிண்ணம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் தானியம் மேற்கொண்டு வேகாது. நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலப்பொடி ஆகியவற்றைச் சேர்த்துச் சற்றுத் தளர்வாகவே இறக்கிவிடலாம். ஆறியதும் சாமை இறுகிவிடும்.

சாமை அரிசியை மாதக்கணக்கில் சேமித்து வைத்தல் நன்றன்று. அதன் தவிட்டில் உள்ள எண்ணெய்ப் பசையால் சிக்கு வாடை ஏறிவிடும். பண்டிகைக்கு வேண்டிய அளவு வாங்கி, முகர்ந்து பார்த்துச் சமைப்பதே முறை.

நீரிழிவு உடைய பெரியோருக்கு ஒரு சொல். சிறுதானியம் என்பதற்காக இதனைத் தாராளமாக உண்ணலாகாது. சாமையிலும் மாவுச்சத்து உண்டு, வெல்லமும் சர்க்கரையே. இறைவனுக்குப் படைத்தபின் ஒரு கரண்டிப் பிரசாதமே போதுமானது.

கடையில் வாங்கிய இனிப்பைப் படைப்பது குற்றமாகாது. எனினும், பாட்டி அரித்துக் கொடுக்க, மருமகள் கிளற, பேரக்குழந்தைகள் வெல்லம் தட்டித் தரும் வீட்டில், கைப்பக்குவம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்கிறது. மலைச்சரிவில் சாமை விதைத்த குடும்பத்துக்கும் அந்தப் பானையில் ஒரு பங்கு கிடைக்கிறது. வரும் தைத்திருநாளில் ஒரு கிண்ணம் சாமையேனும் நம் பானையில் பொங்கட்டும்.