சிவகங்கைப் பூங்காவும் மாசம் 2,000 ரூபாயும்

செலவைக் குறைக்கணும்னா, பல குடும்பங்கள் முதல்ல நிறுத்துறது வெளியே போறதைத்தான். அது வேண்டாம் நண்பர்களே, இடத்தை மட்டும் மாத்துங்க!

நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் பக்கத்துலேயே சிவகங்கைப் பூங்கா இருக்கு. 1871-72ல் நகராட்சி உருவாக்கியது. மர நிழல், குளம் எல்லாம் நம்ம சொத்து வரி போகிற மாநகராட்சியோடதுதான். அனுபவிக்காம விட்டா நமக்குத்தான் நஷ்டம்.

மாசம் ரெண்டு தடவை சினிமா, ஹோட்டல்னு போறவங்க ஒரு தடவை இங்கே போனா, 2,000 ரூபாய் மிஞ்சும்னு வைங்க. அதை எஸ்ஐபியில போட்டு வந்தா, ஆண்டுக்கு 12% கிடைச்சால் 15 வருஷத்துல சுமார் 10 லட்சம். (12% உத்தரவாதம் இல்லை, 8%னா சுமார் 7 லட்சம்.) சம்பா அறுவடையிலதான் பணம் பார்க்கிறவங்க அப்போ மொத்தமா போடலாம்.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா, முதல்ல அதை அடைங்க.